பாலேரினாவுக்குப் பின்னால் நின்றவர்

பூமியை ஆமை தாங்குகிறது என்று சிலர் சொல்கிறார்கள், யானை என்று சிலர், மூன்று திமிங்கிலம் என்று சிலர். இவர்களில் ஒருவர்கூட வெர்க்சோல்ஸ்க் ஊர்த் தியேட்டருக்கு வந்ததில்லை. வந்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். பூமியைத் தாங்குவது சவேலி நிகோனிச் உஷ்கோவின் வலது கை. இடது கைக்கு இன்னும் வேலை வரவில்லை. இதுவரை அவர் பாலே நடனத்தில் தூக்கிய பாலேரினாக்களை ஒருத்தி தோள்மேல் ஒருத்தியாக நிற்கவைத்தால், உச்சியில் இருப்பவள் நிலாவில் கொடி கட்டித் துணி காயப்போடலாம். ஒருமுறை அவர் மேடையில் தும்மலை அடக்கினார்; அந்த வருஷம் உரால் மலை கொஞ்சம் உயர்ந்துவிட்டது. செய்தித்தாளில் வரவில்லை. செய்தித்தாள்காரர்களின் கண்ணுக்கு அவர் தெரிவதே இல்லை.

அதுதான் அவருடைய தொழில். பாலேரினா காற்றில் பறப்பாள், ஜனம் வாயைப் பிளந்து பார்க்கும். அவளுக்கு அடியில் வெள்ளையாக ஏதோ நிற்கும். அந்த வெள்ளை ஏதோதான் சவேலி நிகோனிச்.

இந்த வரலாற்றை எழுதச் சொன்னது தியேட்டரின் உடையறைக்காரி கபித்தோலினா. சுவர்ப் பத்திரிகையும் அவள் பொறுப்பு. யாராவது ஓய்வு பெற்றால் அவர் வரலாற்றை வீட்டு ஆள் ஒருவர் எழுதிக் கொடுக்கவேண்டும், செப்டம்பரில் புது சீசன் திறக்கும் நாளில் அதை ஒட்டுவார்கள். சவேலியின் மனைவி ஸோயா டிராலிபஸ் ஓட்டுகிறாள், அவளுக்கு நேரமில்லை. மிச்சமிருந்தது மகள் வார்யா. பதினைந்து வயது, வடிவகணிதத்தில் ஐந்துக்கு இரண்டு மார்க், நடத்தையிலும் கிட்டத்தட்ட அதே. ஆகவே மகளைப் பற்றி வரும் இடங்களில் உண்மை கொஞ்சம் குறைவாக இருக்கும். மற்ற இடங்களிலும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

சவேலியின் அப்பா நிகோன் உப்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். பையனுக்குப் பத்து வயதானபோது, மாநகரத்துப் பாலேப் பள்ளியிலிருந்து ஆள் பொறுக்க மூன்று பேர் ஊருக்கு வந்தார்கள். பெண் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பையன்கள் அத்தனை பேரும் ஓடி ஒளிந்துவிட்டார்கள். சவேலி மட்டும் ஓடவில்லை. தைரியத்தால் இல்லை. அந்த நேரம் அவன் வகுப்பறையின் புத்தக அலமாரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். அடியில் போன தொப்பியை எடுக்க அவன் சிநேகிதன் தலையை உள்ளே விட்டிருந்தான்.

வந்தவர்களில் இருந்த அம்மாள் கேட்டாள், "எவ்வளவு நேரமா தம்பி இப்படி நிக்கற?"

"தெரியல. இவன் இன்னும் தேடிட்டிருக்கான்."

"கை வலிச்சா கீழ வச்சிட வேண்டியதுதானே?"

"இவன் தலை உள்ள இருக்கே," என்றான் சவேலி. இந்தப் பட்டணத்துக்காரிக்கு இதுகூடப் புரியவில்லையே என்று அவனுக்கு வருத்தம்.

அன்றைக்கே பெயரை எழுதிக்கொண்டார்கள். நிகோனுக்கு அது ஏதோ உடற்பயிற்சிப் பள்ளி என்றுதான் நினைப்பு. முதல் விடுமுறைக்குப் பையன் வந்து, அடுப்பங்கரைச் சுவரோரம் குதிகால் இரண்டையும் ஒட்டவைத்து, பாதங்களை ஆளுக்கொரு திசையில் திருப்பி நின்றபோதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"என்னடா கத்துக்குடுக்கறாங்க அங்க?"

"நிக்கறதுக்குப்பா. மொதல் நிலை, ரெண்டாம் நிலை, அப்படியே அஞ்சு வரைக்கும் இருக்கு."

"நிக்க எத்தனை வருஷம்?"

"எட்டு."

நிகோன் சூப்பில் ரொட்டியை நனைத்து யோசித்தார். "எங்க சுரங்கத்துல எல்லாரும் மொத நாளே நின்னுட்டாங்களேடா."

"அஞ்சாவது நிலை கஷ்டம்ப்பா."

எட்டு வருஷம் நின்று முடித்துவிட்டு சவேலி சொந்த ஊர்த் தியேட்டருக்கே வந்து சேர்ந்தான். உயரம் ஆறடிக்கு மேல், முகம் நன்றாகச் சுட்ட ரொட்டி மாதிரி, நல்ல முகம்தான், ஆனால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. முதல் வருஷம் ஈட்டி பிடித்த காவலாளி. இரண்டாம் வருஷம் மரம். மூன்றாம் வருஷம் பதவி உயர்வு: புயலில் ஆடும் மரம்.

அதற்குப் பிறகுதான் இன்னெஸ்ஸா பாவ்லோவ்னா.

அவள் எங்கள் தியேட்டரின் முதன்மைப் பாலேரினா. "உப்பரசி" பாலேயில் அரசியாக ஆடுவாள். அவளைத் தூக்குகிறவன் பனியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். உயரமாக வேறு ஆள் இல்லாததால் மரத்தைக் கூப்பிட்டார்கள். ஒத்திகை அறையில் அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

"உன் பேர் என்ன?"

"சவேலி."

"இங்க பாரு சவேலி, நான் காலைலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கலை. இறகு மாதிரி இருப்பேன். பயப்படாம தூக்கு."

சவேலி தூக்கினான். தலைக்குமேல் நிறுத்தினான். கொஞ்ச நேரம் எடை பார்க்கிற தராசு மாதிரி அசையாமல் நின்றான்.

"பொசிகூன்சிக்கி," என்றான். கடித்தால் சாறு பீய்ச்சியடிக்கும் சின்னப் பொரித்த பலகாரம் அது, எங்கள் பக்கத்தில் அதற்கு மயங்காதவர் கிடையாது. "காளான் வச்சது. ஒரு தட்டு இருக்கும்."

பியானோக்காரியின் விரல் நின்றுவிட்டது.

"மீன் வச்சது," என்றாள் இன்னெஸ்ஸா மேலேயிருந்து. "கீழ இறக்காத, இன்னும் கொஞ்ச நேரம் இரு. இங்கேர்ந்து ஜன்னல் வழியா ஆறு தெரியுது. போனவன் தூக்கினப்போ எனக்கு அவன் மூச்சுத்தான் கேட்டுட்டிருக்கும். நாளைலேர்ந்து நீதான்."

அந்த நாளை பதினாறு வருஷம் நீண்டது.

தூக்குவது என்றால் ஜனம் நினைப்பதுபோல் இல்லை. பாதி உயரத்துக்கு அவளே குதித்து வந்துவிடவேண்டும். மீதிப் பாதிதான் ஆணுடையது. குதிக்கும் பாலேரினா புறா. குதிக்காதவள் உப்பு மூட்டை. மேலே போனதும் அவள் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளவேண்டும், தளர்த்தினால் அவ்வளவுதான், ஈரத் துணியைக் கையில் நிறுத்துவது மாதிரி. அவள் இடுப்பு வேர்வையில் வழுக்கும், அதனால் உள்ளங்கையில் குங்கிலியப் பொடி தேய்த்துக்கொள்ளவேண்டும். அவள் பாவாடையின் விறைத்த ஓரம் மூக்கை அறுக்கும். ஜிகினா காதைக் கீறும். பதினாறு வருஷத்தில் சவேலி "உப்பரசி"யை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவர் பார்த்ததெல்லாம் வலைத்துணி.

ஆனால் கேட்டிருக்கிறார். மேடையில் இரண்டு பேரும் உதடு அசையாமல் பேசிக்கொள்வார்கள். அரசி காதலில் உருகிச் சாய்வாள். கீழே உட்கார்ந்திருக்கும் பெண்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். அப்போது மேடையில் நடப்பது இது:

"கை ஐஸ் மாதிரி இருக்கு, பாவி."

"தேய்ச்சிட்டுத்தான் வந்தேன். குழாய்க்காரன் வந்தானா?"

"வந்தான். பாத்தான். போயிட்டான். இப்ப சமையல்கட்டுல மட்டும் இல்ல, நடைலயும் ஒழுகுது. தூக்கு."

"குதிங்க."

"குதிச்சேனே."

"அது குதிச்சதா?"

ஊர்ப் பத்திரிகை விமரிசகர் வருஷத்துக்கு ஒருமுறை எழுதுவார். இன்னெஸ்ஸாவுக்கு இரண்டு பத்தி, பனித்துளி, விடியல், இன்னும் என்னென்னமோ. கடைசி வரியில் "உஷ்கோவ் நம்பகமானவர்" என்று இருக்கும். மறுவருஷமும் அதே வரி. ஸோயா அதை வாசித்துவிட்டு, "நம்ம ஃப்ரிட்ஜ் பெட்டி மேலயும் இதேதான் எழுதியிருந்துச்சு," என்றாள்.

ஸோயாவை அவர் பிடித்ததும் இந்த நம்பகத்தால்தான். ஒரு ஜனவரியில் டிராலிபஸ்ஸின் கம்பி தலைக்குமேல் ஓடும் மின்கம்பியிலிருந்து நழுவிவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் பின்னாலிருக்கும் கயிற்றை இழுத்து மாட்டவேண்டும். "கொஞ்சம் பிடிங்க," என்று கயிற்றை அந்தப் பக்கம் நின்ற நெட்டையரிடம் கொடுத்துவிட்டு ஸோயா கையுறை எடுக்க உள்ளே போனாள். உள்ளே ஒரு குடிகாரனோடு சண்டை வந்துவிட்டது. சண்டை முடிந்து, அவனை இறக்கிவிட்டு, தேநீர் குடித்துவிட்டுத்தான் ஞாபகம் வந்து திரும்பினாள். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார், புருவத்தில் பனி. இப்படிப்பட்டவனை விட்டால் வேறு எவளாவது டிராலிபஸ்காரி கொண்டுபோய்விடுவாள் என்று அவளுக்குத் தோன்றியதாம்.

வார்யா ஏழு வயதில் ஒருமுறை தியேட்டருக்குப் போனாள். மூன்றாம் அங்கம், விளக்கெல்லாம் நீலமாகி, வயலின் மட்டும் கேட்கிறது, இன்னெஸ்ஸா அப்பாவின் கையில் மெல்ல மேலே போகிறாள். அந்த மௌனத்தில் நாலாவது வரிசையிலிருந்து ஒரு குரல், "அப்பா, போதும், இப்ப என்னைத் தூக்கு," என்றது. அரங்கமே சிரித்தது. இசைக்குழுவில் புல்லாங்குழல்காரன் மூன்று தாளம் தப்பவிட்டான். ஸோயா மகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

அதற்குப் பிறகு அவள் போகவில்லை. முதலில் அழைத்துப் போக யாரும் துணியவில்லை. பிறகு அவளே மாட்டேன் என்றாள். பள்ளிக்கூடத்தில் கிரிகோரி என்று ஒரு கடன்காரன். "உங்கப்பா வேலைக்கு ஜட்டியோட போறாராமே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். "உங்கப்பா வேலைக்கே போறதில்லையே," என்று வார்யா திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் அவன் பெஞ்சுக்குப் பின்னாலிருந்த வெந்நீர்க் கணப்புக்குள் ஒரு கருவாட்டு மீனைச் செருகியும் வைத்தாள், குளிர்காலம் முழுக்க அவன்தான் நாறுகிறான் என்று வகுப்பே நம்பியது. ஆனாலும் டைட்ஸ் டைட்ஸ்தான். அப்பா காலோடு ஒட்டின வெள்ளை டைட்ஸில் நிற்பதை வகுப்பில் யாராவது பார்க்கும்போது தானும் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று முடிவு செய்துவிட்டாள். கேட்பவர்களிடம், பாலே என்றால் தனக்குக் கொட்டாவி வருகிறது என்பாள்.

பாலே ஆடுகிறவர்கள் கிழவர்களாவதற்கு ரொம்ப நாள் காத்திருப்பதில்லை. முப்பத்தெட்டு வயதில் சவேலி நிகோனிச் பென்ஷன் ஆபீஸ் வரிசையில் நின்றார். முன்னால் நின்ற ஊன்றுகோல்காரர் திரும்பிப் பார்த்து, "யாருக்காக வந்திருக்க தம்பி, தாத்தாவுக்கா?" என்று பரிவோடு விசாரித்தார். "எனக்குத்தான்," என்றதும் அவர் கோபித்துக்கொண்டு ஜன்னல்காரியிடம் புகார் சொன்னார், இங்கே ஒருத்தன் வரிசையைக் கேலி செய்கிறான் என்று. முதுகு டாக்டர் மட்டும்தான் சவேலியை உடனே நம்பினார். படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த முதுகெலும்புக்கு எழுபது வயசு. ஜூனோட நிறுத்திக்கங்க," என்றார்.

ஜூன் மாதக் கடைசி ஞாயிறு, மதியக் காட்சி, "உப்பரசி". அதுதான் சவேலி நிகோனிச்சின் கடைசி ஆட்டம் என்று அறிவிப்புப் பலகையில் போட்டார்கள். அவருக்குப் பூங்கொத்து வேண்டாம், உரை வேண்டாம், விமரிசகர் வேறு சொல் ஒன்றைக் கற்றுக்கொண்டு எழுதவும் வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் வேண்டும். மகள் வந்து பார்க்கவேண்டும். அதை அவரால் நேராகக் கேட்க முடியவில்லை. காலைக் கஞ்சி சாப்பிடும்போது சுற்றி வளைத்து ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கெழம மழை வருமாம், வார்யா."

"வரட்டும்."

"தியேட்டருக்குள்ள நனையாது."

"அப்பா."

"சும்மா சொன்னேன்."

மறுநாள் வெண்ணெய்க் கிண்ணத்தின் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு டிக்கெட், ஆறாவது வரிசை, நடுவில். வார்யா அதை வழித்துத் துடைத்து அவர் தட்டோரம் வைத்தாள். அதற்கடுத்த நாள் அது அவள் காலணிக்குள் இருந்தது. பிறகு வடிவகணிதப் புத்தகத்துக்குள் போய்விட்டது, அங்கே அதை யாரும் தொந்தரவு செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் பொறுமை தீர்ந்தது. "டைட்ஸ்தான் பிரச்சனைன்னா, மேல அங்கி ஒண்ணு போட்டுக்கறேன். முழங்கால் வரைக்கும். கபித்தோலினாகிட்ட கேட்டுட்டேன்."

"அங்கியோட எப்படிப்பா தூக்குவீங்க? இன்னெஸ்ஸா பாவ்லோவ்னா அதுக்குள்ள சிக்கிக்குவாங்க. அதெல்லாம் இல்ல. ஞாயித்துக்கெழம தான்யாவுக்குப் பிறந்தநாள்."

"தான்யாவுக்கு மார்ச்சுலதானே பிறந்தநாள்?"

"இது வேற தான்யா."

சவேலி நிகோனிச் தலையாட்டினார். வேறு தான்யாக்களும் பிறந்துதானே ஆகவேண்டும். மகள் அறைக்குப் போனபின் ஸோயாவிடம் மெதுவாகச் சொன்னார், அறைச் சுவர் மெல்லிசு என்பது அவருக்கு எப்போதும் மறந்துபோகும்.

"என்னால பாட முடியாது, பேச வராது, குழாய்கூட ரிப்பேர் பண்ணத் தெரியாது ஸோயா. தெரிஞ்சது ஒண்ணுதான். அதை அவ பாக்காமலே முடிஞ்சிடும்."

"விடு சவேலி," என்றாள் ஸோயா. "அவளுக்கு உன் பிடிவாதம். தூக்கினா இறக்க மாட்டா."

இன்னொரு விஷயம் சொல்லவேண்டும். சீசனின் கடைசிக் காட்சியை எங்கள் தியேட்டரில் பச்சைக் காட்சி என்பார்கள். அன்றைக்கு மேடையிலிருப்பவர்கள் ஒருவருக்கொருவர் குறும்பு செய்யலாம். சட்டம் மூன்று. கீழ் வரிசைகளில் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது. மேடையில் இருப்பவன் சிரிக்கக்கூடாது. செய்தது என்ன என்பதை, செய்தவனும் பார்த்தவர்களும் செப்டம்பர் முதல் நாள் கூடும்வரை வெளியே சொல்லக்கூடாது, மாட்டிக்கொண்டவன் கோடை முழுக்க வெந்து சாகவேண்டும். இந்த மூன்றாவது சட்டம் மேல்மாடி ஜனத்துக்கும் உண்டு, மீறினவனோடு எங்கள் ஆட்கள் வோட்கா குடிக்க மாட்டார்கள். அதைவிடப் பெரிய தண்டனை இங்கே இல்லை.

குறும்பில் தலைவர் ப்ரோகோர். கரடி, பூதம், குடிகார மாலுமி இதெல்லாம் அவர் வேஷம். ஒரு வருஷம் மணப்பெண்ணின் சீதனப் பெட்டிக்குள் உயிருள்ள கோழியை வைத்தவர். ஞாயிற்றுக்கிழமை ஒப்பனை அறையில் அவரே சவேலிக்குத் தலை ஒப்பனை செய்ய வந்தார். சவேலியின் உச்சந்தலையில் தேநீர்த் தட்டு அளவுக்கு வழுக்கை. விளக்கில் பளபளக்காமல் இருக்க அதில் கறுப்பு மை தடவுவார்கள்.

"என்ன ப்ரோகோர், இவ்வளவு நேரம்?"

"வயசாகுதுல்ல, இடம் பெருசாகுது. குனி."

"ஜில்லுன்னு இருக்கே."

"புது மை. அசையாத."

கண்ணாடியில் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. சவேலி நிகோனிச் மேடைக்குப் போனார். "நாசமாப் போ," என்று மேடை வழக்கப்படி எல்லாரும் வாழ்த்தினார்கள், "பிசாசுகிட்டப் போ," என்று முறைப்படி நன்றி சொன்னார்.

முதல் அங்கத்தில் திராட்சை மதுக் கோப்பையில் வெள்ளரி ஊறுகாய்த் தண்ணீர். ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் காதலோடு பார்த்தார். இரண்டாம் அங்கத்தில் அரசனின் ஓலையை விரித்தால், உள்ளே டிராலிபஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் போனதற்கு அபராதச் சீட்டு, ஸோயாவின் கையெழுத்தோடு. அதையும் கலங்கிய முகத்தோடு படித்து முடித்தார். இதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. அவர் கண் ஆறாவது வரிசையின் நடுவில் இருந்தது. அங்கே ஒரு இடம் காலி. பக்கத்து அம்மாள் முதலில் அதில் கைப்பையை வைத்தாள். இடைவேளைக்குப் பிறகு தொப்பியையும் வைத்தாள்.

"என்ன, கையில உயிரே இல்ல?" என்றாள் இன்னெஸ்ஸா, அவர் மார்பில் சாய்ந்து மயங்கியபடி.

"வரலை."

"யாரு?"

"வார்யா."

இன்னெஸ்ஸா ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "அங்க பாக்காத சவேலி. பாக்கப் பாக்க அந்தப் பொம்பளை அங்க மழைக்கோட்டையும் வைப்பா. என்னைப் பாரு."

மூன்றாம் அங்கம். அரசி கடலுக்குள் திரும்பிப் போகவேண்டும், உப்பள வீரன் அவள் முன் மண்டியிட்டுத் தலை குனிந்து கெஞ்சவேண்டும். கதையிலேயே சோகமான இடம். சவேலி நிகோனிச் மண்டியிட்டார். தலை குனிந்தார்.

மேல்மாடியில் யாரோ கிக்கென்று சிரித்தார்கள்.

மேல்மாடி என்றால் எங்கள் தியேட்டரின் கூரைக்குச் சற்றே கீழே, மாணவர்களும் சுரங்க ஆட்களும் உட்காரும் மலிவான இடம். அங்கிருந்து பார்த்தால் மேடையில் எல்லாருடைய உச்சந்தலையும் தெரியும். சவேலியின் உச்சந்தலையில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. பளிச்சென்ற பச்சை, இரண்டு மஞ்சள் கண்கள், தலையில் சின்னதாக ஒரு கிரீடம். ப்ரோகோர் கை தேர்ந்த ஆள். வாயை எங்கே வைப்பது என்று யோசித்துத்தான் வைத்திருந்தார். சவேலி பாரத்தைத் தூக்கும்போதெல்லாம் அவர் புருவம் ஏறும், மண்டைத் தோல் இழுபடும். அப்போது தவளை வாயைத் திறந்தது. கையை இறக்கினால் மூடிக்கொண்டது. உப்பள வீரன் ஒவ்வொரு முறை நெஞ்சில் கைவைத்து விம்மும்போதும் அது எதையோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டது.

மேல்மாடி முழுக்க நெளிந்தது. கீழ் வரிசைகள் அண்ணாந்து, "உஷ்" என்றன. சவேலிக்கு டைட்ஸ் கிழிந்துவிட்டது என்று சந்தேகம் வந்து, துயரத்தில் துடிப்பதுபோல் ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்துக்கொண்டார். எல்லாம் பத்திரமாக இருந்தது.

பிறகு கடைசித் தூக்கு. ஒற்றைக் கையில், தலைக்குமேல். இன்னெஸ்ஸா நன்றாகவே குதித்தாள். மேலே போனாள். கீழே பார்த்தாள்.

அவள் உடம்பு குலுங்க ஆரம்பித்தது.

"சிரிக்காதீங்க," என்றார் உதடு அசையாமல்.

"சிரிக்கலை. அழறேன். ஐயோ கடவுளே, வாயைத் திறக்குது."

"எது?"

"கேக்காத. செப்டம்பர்ல. என்னால முடியல சவேலி, முதுகு போயிடுச்சு, இறக்கிடு."

சிரிக்கிற பாலேரினாவால் முதுகை இறுக்க முடியாது. அவர் கையில் இருந்தது இப்போது புறா இல்லை, ஈரத் துணியும் இல்லை, தானாகவே ஆடும் உப்பு மூட்டை. அவர் முழங்கை எரிந்தது. இடுப்பில் டாக்டர் காட்டிய இடத்தில் யாரோ ஆணி வைத்தார்கள். இசை அந்த இடத்தில் இறங்கவேண்டும், அவரும் அவளை இறக்கியிருக்கலாம், எவனும் குறை சொல்லமாட்டான்.

அவர் இறக்கவில்லை. இப்போது இறக்கினால் அவள் மேடையில் உருண்டு சிரிப்பாள், பதினாறு வருஷ அரசி ஒரு நிமிஷத்தில் போய்விடுவாள். "மூச்சை இழுங்க," என்றார். "குழாய்க்காரனை நெனச்சுக்கங்க." இசை நடத்துகிறவர் கீழேயிருந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கோலை இறக்காமல் வயலினை அங்கேயே நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு சுரம் நீண்டுகொண்டே போனது. மேலே குலுக்கல் மெல்ல அடங்கியது. முதுகு இறுகியது. இன்னெஸ்ஸா கைகளை விரித்தாள்.

மேல்மாடியில் சிரிப்பு நின்றுவிட்டது. தவளை வாயைப் பிளந்தபடியே இருந்தது. அப்போது யாரும் அதைப் பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்தார்கள். அது நடுங்கவே இல்லை. பிறகு கூரையடியிலிருந்து, தொண்டை கட்டின சுரங்கக் கிழவன் எவனோ, "உஷ்கோவ்," என்று கத்தினான். வெர்க்சோல்ஸ்க் தியேட்டரில் அந்தப் பெயரை யாரும் கத்தியதில்லை. அதற்குமேல் எல்லாரும் கத்தினார்கள்.

திரை விழுந்ததும் ப்ரோகோர் முதல் ஆளாக ஓடிவந்து, வாஸ்லின் தோய்த்த துணியால் சவேலியின் தலையைத் தேய்த்து ஆதாரத்தை அழித்துவிட்டார். "என்னடா வரைஞ்ச?" என்று கேட்டதற்கு, "செப்டம்பர்," என்றார். இன்னெஸ்ஸா அன்றைக்கே தெற்கே கடற்கரைக்கு ரயில் ஏறிவிட்டாள், ஜன்னலிலிருந்து கையசைத்து, வாயைத் திறந்து திறந்து மூடிக் காட்டினாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபோது வார்யா மேஜையில் வடிவகணிதப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. மேல்மாடில சிரிச்சாங்க, ஏன்னு தெரியல."

"மேல்மாடிக்காரங்களுக்கு எல்லாமே சிரிப்புத்தான்."

"பிறந்தநாள்?"

"கேக் சுமார்."

அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு சீக்கிரம் படுத்துவிட்டார். வரவில்லை என்று ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவரிடம் இருக்கும் பெரிய கெட்ட குணம்.

இதுவரைக்கும் எழுதியதை வார்யா செப்டம்பர் முதல் நாள் நேராகக் கபித்தோலினாவிடம் கொடுப்பதாக இருந்தாள். அதற்குள் ஆகஸ்டில் ஒரு மதியம் சமையல்கட்டில் அவள் ஜாம் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது சவேலி நிகோனிச் அலமாரிமேல் பூனையைத் தேடி, இதைக் கண்டுபிடித்துவிட்டார். காளான் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார். புத்தக அலமாரியைத் தூக்கிய இடம் வந்ததும் சிரித்தார். பென்ஷன் வரிசைக்கு வந்ததும், "அவர் கோல்ல தட்டவும் செஞ்சார், அதை எழுதலையே," என்றார். மூன்றாம் அங்கத்துக்கு வந்ததும் கை மெதுவாக உச்சந்தலைக்குப் போனது.

"தவளையா?"

"எது?" என்றாள் வார்யா, பாட்டிலைப் பார்த்தபடி.

"ரெண்டு மாசமா மண்டையை உடைச்சுக்கறேன். இன்னெஸ்ஸா வாயைத் திறக்குதுன்னாளே, எது எதுன்னு. ஊர் பூரா கேட்டாச்சு, மேல்மாடிக்காரங்ககூட செப்டம்பர்ங்கறாங்க. கபித்தோலினாவுக்குத் தெரியாது. இசைக்குழுக்காரங்க முதலைன்னு பந்தயம் கட்டியிருக்காங்க."

"ப்ரோகோர் மாமா சொல்லியிருப்பார்."

"அவன் பெண்டாட்டிக்கே சொல்லலை. அவளும் என்கிட்டதான் கேக்கறா."

"அப்ப கற்பனை. எழுதறவங்க கற்பனை பண்ணுவாங்கப்பா. செப்டம்பர்ல எப்படியும் தெரிஞ்சிடும்னு ஏதோ ஒண்ணு எழுதி வச்சேன்."

"கிரீடமும் கற்பனையா?"

"கதைத் தவளைன்னா கிரீடம் இருக்கத்தானே செய்யும்."

சவேலி நிகோனிச் தாள்களை ஒழுங்காக அடுக்கினார். ஒரு காளானை எடுத்து மண்ணைச் சுரண்டினார். முகம் வழக்கம்போல் சுட்ட ரொட்டி மாதிரி, அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"நம்பறேன்," என்றார். "மேல்மாடில இடம் கிடைச்சாலும் பிரயோசனமில்ல. இடது ஓரத்துல டிக்கெட் குடுத்திருப்பாங்க. அங்க பெரிய தூண் மறைக்கும். கடைசித் தூக்கெல்லாம் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"தூண் எங்க மறைச்சுது?" என்றாள் வார்யா. "எல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுது."